விராவுக்குள் எவோ 3: பூஸ்ட் ஏறியதும் என்ஜின் வெட்டுவது ஏன்?

கேள்வி: ஐயா, நான் கிள்ளானில் வசிக்கிறேன். என்னுடைய 1996-ஆம் ஆண்டு புரோட்டோன் விரா 1.6 காரில், ஜப்பானிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன் 3 (எவோ 3) ஹாஃப்கட்டின், அதாவது பழைய காரிலிருந்து வெட்டியெடுத்த முன்பாதியின், 4ஜி63 டர்போ என்ஜினைப் பொருத்தியிருக்கிறேன். நான்கு சக்கர இயக்கம் வைக்கவில்லை. முன் சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம். பூஸ்ட் கண்ட்ரோலர் வைத்து, டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை (பூஸ்டை) 1.2 பார் வரை ஏற்றியிருக்கிறேன். மிதியை விட்டதும் மிஞ்சும் பூஸ்டை விடுவிக்கும் புளோ-ஆஃப் வால்வையும் காற்றை வெளியே விடும் வகைக்கு மாற்றிவிட்டேன். மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் 4,500 சுற்றுக்கு மேல் வண்டி வெட்டுகிறது. சாலை விளக்கில் நெடுநேரம் நின்றுவிட்டுப் புறப்படும்போது நீலப் புகை வருகிறது. என்ஜின் கணினி எரிபொருளை நிறுத்தும் ‘ஃபியூயல் கட்’டை நீக்கும் கருவியும் பெரிய டர்போவும் போட்டால் இரண்டும் சரியாகி 350 குதிரைத்திறன் கிடைக்கும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். ரோன்95 (ஆக்டேன் எண் 95) பெட்ரோல்தான் போடுகிறேன். என்ன செய்யலாம்?

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

பட்டறையில் சொன்ன இரண்டு பொருள்களையும் இப்போது வாங்காதீர்கள். இந்தப் பதிலை முழுதாகப் படித்து, இதில் சொல்லியிருக்கும் சோதனைகளைச் செய்து முடிக்கும்வரை முழு மிதியையும் தவிர்த்துவிடுங்கள். பூஸ்ட் கண்ட்ரோலரைக் கழற்றி, டர்போவின் வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) ஸ்பிரிங் தானாகத் தரும் அழுத்தத்துக்கே என்ஜினைக் கொண்டுவாருங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது, எரிபொருள் போதாமலேயே இந்த என்ஜின் பூஸ்டில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்ற கவலை எனக்கு வருகிறது. அது உண்மையானால், ஃபியூயல் கட்டை நீக்கிய மறுநாளே பிஸ்டன் உருகும் வாய்ப்பு உண்டு.

இந்தக் கவலைக்குக் காரணம் ஹாஃப்கட் என்னும் வாணிபத்தின் இயல்பிலேயே இருக்கிறது. காரின் முன்பாதி மட்டுமே நம் கைக்கு வருகிறது. என்ஜின், டர்போ, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ரேடியேட்டர், ஈசியூ என்னும் என்ஜின் கணினி, வயரிங் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் எவோவின் பெட்ரோல் பம்ப் பின்பக்கத் தொட்டிக்குள் இருந்தது, அது ஜப்பானிலேயே தங்கிவிட்டது. உங்கள் விராவின் தொட்டிக்குள் இருப்பது டர்போ இல்லாத 1.6 லிட்டர் என்ஜினுக்காகப் போடப்பட்ட பம்ப் என்றால், தொழிற்சாலை அளவான 270 குதிரைத்திறனுக்கே அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் தேவைப்படும். போதாததற்கு, பூஸ்ட் ஏறும்போது எரிபொருள் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பும் தள்ளும் அளவு குறையும். ஆகவே அதிக எரிபொருள் தேவைப்படும் அதே நொடியில்தான் பம்ப் கைவிடுகிறது. பம்பை மாற்றியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

இனி, ‘வெட்டுகிறது’ என்ற சொல்லை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெவ்வேறு நோய்களுக்கு எல்லோரும் இந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். முழுப் பூஸ்டில் ஒரு சுவரில் மோதியது போல ஒரே கணத்தில் சக்தி முழுவதும் போய், உடல் முன்னே தள்ளப்பட்டு, மிதியைத் தளர்த்தியதும் எதுவுமே நடக்காதது போல ஓடினால், அது ஈசியூ வேண்டுமென்றே எரிபொருளை நிறுத்தும் ஃபியூயல் கட். படபடவென்று விட்டு விட்டு எரிந்து, சைலன்சரில் வெடிச் சத்தம் கேட்டு, சுற்று மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் தீப்பொறிக் கோளாறு. சத்தம் எதுவுமில்லாமல், இழுவை மட்டும் மந்தமாகி, வண்டி கனத்துப்போனது போலத் தோன்றினால், நாக் சென்சார் தட்டலை (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதை) கேட்டு ஈசியூ தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று எண்ணலாம். எரிபொருள் வறண்டுபோவதும் ஏறத்தாழ இப்படித்தான் உணரப்படும். அடுத்த முறை ஓட்டும்போது வெட்டை மீண்டும் வரவழைத்துப் பார்க்க வேண்டாம். இதுவரை நடந்ததை நினைவுபடுத்தி, மூன்றில் எது என்று குறித்துக்கொண்டால் போதும்.

அது உண்மையிலேயே ஃபியூயல் கட் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஈசியூ பூஸ்டை நேரடியாக அளப்பதில்லை. ஏர் ஃபில்டருடன் இணைந்திருக்கும் கார்மன் வகைக் காற்றுமானி, உள்ளே போகும் காற்றில் எழும் சுழல்களை எண்ணி, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிடுகிறது. அந்த அளவு பொறியாளர்கள் வகுத்த எல்லையைத் தாண்டினால், என்ஜினைக் காப்பாற்ற எரிபொருளை நிறுத்திவிடுகிறது. பட்டறை சொல்லும் கருவி அந்த எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி ஈசியூவை ஏமாற்றும். அதாவது அதிகக் காற்று உள்ளே போகும்போது, குறைவாகத்தான் போகிறது என்று சொல்லும். பம்ப், இன்ஜெக்டர், பெட்ரோலின் தரம் ஆகிய மூன்றும் சோதிக்கப்படாத ஒரு வண்டியில் இந்தப் பொய்யைச் சொல்ல வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

எரிபொருள் சோதனை கடினமானதன்று. எரிபொருள் ரெயிலுக்குப் போகும் குழாயில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது எரிபொருள் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டுப் பார்த்தால் அடிப்படை அழுத்தம் தெரியும். ஹோஸை மீண்டும் மாட்டிய பிறகு, பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு இந்த அழுத்தமும் ஏற வேண்டும்; அடிப்படை 3 பார் என்றால், 1 பார் பூஸ்டில் மானி 4 பார் காட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டே பார்ப்பதற்காக மானியை முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டவைப்பார்கள். பெட்ரோல் உள்ள குழாயை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டுவர விடாதீர்கள். ஒருவர் ஓட்ட மற்றொருவர் மானியைப் பார்க்க, குறைந்த பூஸ்டிலேயே இதைச் செய்யலாம். சுற்று ஏறும்போது முள் தளர்ந்து கீழே இறங்கினால், காரணம் கிடைத்துவிட்டது. அப்போதும் உடனே பம்பை வாங்காமல், பம்பின் முனையில் மின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு பழைய மெல்லிய வயரில், பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்கும்போது பம்பில் 11 வோல்ட்தான் வந்து சேரும் வண்டிகள் உண்டு; அங்கே நேர் வயரும் ஃபியூஸும் ரிலேயும் போடாமல் எந்தப் பம்பை மாற்றியும் பயனில்லை. இரண்டையும் செய்வதென்றால் மணிக்கு 255 லிட்டர் வகைப் பம்ப் உங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதும். அந்த வகையில் போலிகள் நிறைய விற்கப்படுவதால், மலிவு விலையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

காற்று கசிகிறதா என்று பார்ப்பது அடுத்தது. டர்போவின் நுழைவாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கம்ப்ரஸரால் சிறிது சிறிதாக 1 பார் வரை காற்றேற்றிவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால், குமிழி வரும் இடம் கசியும் இடம். இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்புகள், இன்ஜெக்டரின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள், த்ராட்டில் பாடியின் தண்டு நுழையும் இருபக்கச் சீல்கள் ஆகியவற்றை விசேஷமாகப் பாருங்கள். அந்தச் சீல்கள் வயதான 4ஜி63-இல் பெரும்பாலும் கசியும், ஆனால் அதிகம் பேர் அங்கே பார்ப்பதில்லை. நீங்கள் மாற்றிய புளோ-ஆஃப் வால்வும் ஒரு கசிவுதான். காற்றுமானி எண்ணி முடித்த காற்றை அது வெளியே விட்டுவிடுகிறது, ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது; கியர் மாற்றும் நேரத்தில் கறுப்புப் புகையும் திணறலும் வருவதற்கும், வண்டியை நிறுத்தும்போது என்ஜின் அணைந்துபோவதற்கும் அதுவே காரணம். இந்த வகைக் காற்றுமானி இருக்கும்வரை, காற்றைத் திரும்ப நுழைவுக் குழாய்க்கே அனுப்பும் பழைய வால்வைப் போட்டுவிடுங்கள். சத்தம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வண்டி சீராக ஓடும்.

தீப்பொறியைப் பார்க்க, பிளக்குகளை வரிசை மாறாமல் கழற்றி வெள்ளைத் துணியில் அடுக்கிவையுங்கள். பிளக் குழிகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டும் குழிச் சீல்களும் போய்விட்டன என்று பொருள். அந்த எண்ணெய் பிளக் வயரின் ரப்பரை ஊறவைத்து, தீப்பொறியைப் பக்கவாட்டில் கசியவிடும். பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் குறையுங்கள், ஏனெனில் அழுத்தம் மிகுந்த கலவையைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறிக்கு அதிக மின்னழுத்தம் தேவை. பிறகு ஒரு பூதக்கண்ணாடியால் வெள்ளைப் பீங்கானை உற்றுப்பாருங்கள். மிளகுத் தூள் போன்ற கறும்புள்ளிகளோ, வெள்ளிபோல மின்னும் மிகச் சிறிய மணிகளோ ஒட்டியிருந்தால் அது தட்டலின் தடயம். மின்னும் மணிகள் பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அதைக் கண்டால் வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

ரோன்95 பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எவோ 3-இன் கம்ப்ரஷன் விகிதம் 9.0, முந்தைய இரண்டு எவோக்களைவிட இது அதிகம். ஜப்பானில் விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலை எண்ணித்தான் அந்த ஈசியூவின் தீப்பொறி நேரம் எழுதப்பட்டது. நம் நாட்டு வெப்பத்தில், நெரிசலில் நின்று சூடேறிய இன்டர்கூலருடன், 1.2 பாரில் ரோன்95 போடுவது தட்டலைத் தேடிப்போய் வாங்குவதாகும். ரோன்97-க்குக் குறைவாக எதையும் இந்த என்ஜினுக்குப் போடாதீர்கள். கிடைக்கும் நிலையங்களில் ரோன்100 போட்டால் இன்னும் நல்லது. அந்தச் செலவு மாதந்தோறும் தாங்காது என்றால், பூஸ்டை ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிடுவதுதான் நேர்மையான முடிவு.

ஈசியூவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். தொண்ணூறுகளில் வந்த மிட்சுபிஷி ஈசியூக்களின் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வயதாகிக் கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரிப்பது பரவலாக அறியப்பட்ட குறை. பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தாலோ, மின்தேக்கிகளின் அடியில் பழுப்பு நிறக் கறை தெரிந்தாலோ, மின்னணுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அவற்றை மாற்றிப் பலகையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கறை பரவுவதற்கு முன் செய்தால் சிறிய செலவிலேயே முடியும்.

இப்போது நீலப் புகை. எண்ணெய் எரிகிறது என்பதில் ஐயமில்லை. எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. நெடுநேரம் நின்று புறப்படும்போது புகை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, டர்போவைவிட வால்வ் ஸ்டெம் சீல்களையே அதிகம் சுட்டுகிறது. ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் (வெற்றிட இழுப்பு) மிகுதி. இறுகிப்போன சீல்களைத் தாண்டி எண்ணெய் வால்வ் தண்டு வழியாகச் சொட்டி, மிதித்ததும் ஒன்றாக எரிகிறது. டர்போவைக் குறை சொல்வதற்கு முன் இன்னொரு சிறிய பொருளையும் பார்க்க வேண்டும், அதுதான் என்ஜினின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வு. அது பூஸ்ட் வரும்போது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பூஸ்ட் காற்று என்ஜினின் அடிவயிற்றுக்குள் புகுந்து, டர்போவிலிருந்து எண்ணெய் வடிய வேண்டிய குழாயில் எதிர் அழுத்தம் கொடுக்கும். வடிய வழியில்லாத எண்ணெய் டர்போவின் சீல்களைத் தாண்டி வெளியேறும். நல்ல டர்போவைக் குப்பைக்கு அனுப்புவது பல நேரங்களில் இந்த மலிவான வால்வுதான். அதைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கமிருந்து ஊதிப்பாருங்கள். காற்று போகக் கூடாது. டர்போவை அதன் பிறகு பாருங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டும்போது சற்றே அசைவது இயல்பு, ஏனெனில் அந்த இடைவெளியில் ஓடும்போது எண்ணெய்ப் படலம் நிற்கும். ஆனால் முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்கு அசைவு தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டைத் தொட்டுக் கீறியிருந்தாலோ, அப்போது டர்போவைப் பிரித்துப் பழுதுபார்க்கலாம்.

என்ஜினின் உடல்நிலை தெரியாமல் இவை எதையும் முடிவுக்குக் கொண்டுவர முடியாது. சூடான என்ஜினில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் எடுங்கள். தனி எண்ணைவிட நான்குக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 15 சதவீதத்துக்கு மேல் போனால் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றேற்றிக் கசிவு பார்ப்பது) செய்யுங்கள். உள்ளே விடும் காற்று த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் வளையம், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். ஒருவரை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, கிராங்க் புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்றும் பாருங்கள். டயல் மானியில் 0.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் திரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. அந்த என்ஜினில் ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்க வேண்டாம்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஹாஃப்கட்டில் வந்த பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது. மீட்டரில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை நம்புவதற்கில்லை. இந்த என்ஜினில் இரண்டு பெல்ட்டுகள் உண்டு: ஒன்று கேம்களை ஓட்டுவது, மற்றொன்று என்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டை ஓட்டும் சிறிய பெல்ட். சிறியதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அது நைந்து பிய்ந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால், பெரிய பெல்ட் பற்கள் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இரண்டு பெல்ட்டுகளையும், ஹைட்ராலிக் டென்ஷனரையும், புல்லிகளையும், வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றுபவரிடம் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: எண்ணெய்ப் பம்ப் புல்லியின் குறி சரியாக நின்றாலும், அதனுடன் சேர்ந்த பேலன்ஸ் ஷாஃப்ட் தலைகீழாக நின்றிருக்கக்கூடும். பிளாக்கின் பக்கத்தில் உள்ள அடைப்பைக் கழற்றி, 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டால் 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும். பாதி வழியில் தடுத்தால் புல்லியை ஒரு முழுச் சுற்று திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் பூட்டப்பட்ட என்ஜின், ஐடிலிலேயே ஸ்டீயரிங்கை நடுங்கவைக்கும்.

350 குதிரைத்திறன் என்ற ஆசைக்கு வருகிறேன். டாமி மாகினென் 1996-இல் உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றது எவோ 3-இல்தான். இரும்பு பிளாக் கொண்ட இந்த என்ஜினின் வலிமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தச் சக்தியை நான்கு சக்கரங்கள் பகிர்ந்துகொண்டன. உங்கள் காரில் அது முழுவதும் முன் சக்கரங்களுக்கே போகிறது. 270-க்கே இரண்டாம் கியரில் டயர் சுழன்று, ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். இன்னும் எண்பது சேர்த்தால் வேகம் கூடாது, புகை மட்டுமே கூடும். இருக்கும் டர்போவையே வைத்துக்கொண்டு, நல்ல பம்ப், ரோன்97, சுத்தமான இன்டர்கூலர், காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் மானி, திறமையான ஒருவரின் டைனோ (சக்தி அளக்கும் மேடை) டியூனிங் ஆகியவற்றுடன் 300-க்கு அருகில் நிறுத்திக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். முழுப் பூஸ்டில் வைட்பேண்ட் 11-க்கும் 11.5-க்கும் இடையே காட்ட வேண்டும்; 12-ஐத் தாண்டினால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் முன்பாக பிரேக்கைக் கவனியுங்கள். விரா 1.6-இன் பிரேக், அதன் சொந்த என்ஜினின் வேகத்துக்காக அமைக்கப்பட்டது. ஹாஃப்கட்டுடன் எவோவின் முன் பிரேக் காலிப்பர்களும் மாஸ்டர் சிலிண்டரும் வந்திருந்தால் அவற்றைப் பொருத்துங்கள். விற்றுவிட்டிருந்தால், டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே செலவிடுங்கள்.

என்ஜின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பெற்று, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை முடித்து, கெரானில் (வாகன உரிமைச் சான்றிதழில்) புதிய என்ஜின் எண்ணைப் பதிந்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பதியாமல் ஓட்டினால், விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகக்கூடும். அடிபட்டவர் வேறொருவராக இருந்தால் அந்தச் சுமை உங்கள் குடும்பத்தின்மேல் விழக்கூடும்.

நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் எண்கள், பம்ப் முனையில் அளந்த வோல்ட், பூஸ்டில் எரிபொருள் அழுத்தம், பிளக்குகளின் நெருக்கமான படம் ஆகிய நான்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, வால்வ் சீல்களை ஹெட்டைக் கழற்றாமலே மாற்றுவதா, ஹெட்டை இறக்குவதா என்று உறுதியாகச் சொல்கிறேன்.